கம்பியில்லா வலையும் கைவேலைக் கெர்னலும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து, மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் சுக்கு மணமும் மிளகு மணமும் உடன் நடந்து வர, நாம் வீடு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். வேளிப் பக்கத்து அன்பர் ஒருவர் நம்மை வழிமறித்தார். தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தொழிலில் இருந்து, இன்று மகனைக் கல்லூரியில் சேர்த்திருப்பவர்.

"அண்ணே, பையனுக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். உபுண்டு போட்டுத் தந்தார்கள். படம் வருகிறது, பாட்டு வருகிறது, வைஃபை மட்டும் வரவில்லை. சில்லு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும், மூவாயிரம் ஆகும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

கொடுக்க வேண்டா என்றோம். ஏனெனில் 2020ஆம் ஆண்டில் இதே வாக்கியத்தை நாமும் ஒரு கடையில் கேட்டு, ஏறக்குறைய நம்பியும் இருந்தோம். அக்கதையை இவ்விதழில் எழுதுவதாக அன்பருக்கு வாக்களித்தோம். பள்ளியிறுதியோடு படிப்பை முடித்துக்கொண்டு புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதும் ஒருவர், கணிப்பொறியின் கருவைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கணிப்பொறிக்குள் இருக்கும் திரை, விசைப்பலகை, வட்டு, கம்பியில்லாச் சில்லு முதலிய உறுப்புகளோடு நேரே பேசுவது கெர்னல் எனப்படும் கரு. நாம் காணும் படங்களும் பொத்தான்களும் அதன்மேல் அமர்ந்தவை. ஒவ்வோர் உறுப்பின் மொழியையும் கருவுக்குப் பெயர்த்துச் சொல்லும் துண்டுக்கு இயக்கி என்று பெயர். இயக்கி இல்லையேல், உறுப்பு பழுதின்றி இருந்தும் கருவுக்கு அது ஊமை. 1902இல் ஷொரணூரிலிருந்து எறணாகுளத்துக்குக் கொச்சி மன்னர் இருப்புப்பாதை போட்டபோது, அது மீட்டர் பாதையாக அமைந்தது. ஷொரணூர் வழியே சென்ற சென்னைப் பாதையோ அகலப்பாதை. பெட்டியும் நன்று, தண்டவாளமும் நன்று. ஆயினும் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறாது. 1930களில் பாதையை அகலமாக்கும்வரை மூட்டைகளை ஷொரணூரில் இறக்கி ஏற்றியே தீர வேண்டியிருந்தது. அந்நாளில் எவரும் பெட்டி கெட்டுவிட்டது என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நிற்க. 2020 ஜூன் முதல் நாள் கேரளத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வாயிலாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. பள்ளி பூட்டியிருந்தது, பாடம் வீட்டுக்கு வந்தது. தொலைக்காட்சிப் பாடத்துக்குப் பின் ஆசிரியை நேரில் பேசும் வகுப்பு ஒன்று காலை பத்து மணிக்கு உண்டு. அதற்கு வலைத்தொடர்பு வேண்டும். எம் வீட்டிலோ ஒரே கைப்பேசி. அது எம் சட்டைப்பையில். சரக்கு வண்டிகள் நிற்காத காலமாதலால் எமக்கு விடுமுறை இல்லை. காலை எட்டு மணிக்கு நாம் படியிறங்கினால் மகளுடைய வகுப்பும் எம்மோடு படியிறங்கிவிடும். மாலையில் பக்கத்து வீட்டுச் சிறுமியின் குறிப்பேட்டை வாங்கி அவள் பார்த்தெழுதுவாள். மூன்று மாதம் இவ்வாறு சென்றது. கணக்கில் பின்தங்கினாள். கேட்டால் விடை சொல்லாமல் பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருப்பாள். அதுதான் எம்மை மிகவும் வருத்தியது.

கடன் வாங்கி ஒரு மடிக்கணினி வாங்கினோம். இயங்குதளம் இல்லாதது விலை குறைவு என்பதால் அதையே எடுத்தோம். திருநெல்வேலியில் இருக்கும் மைத்துனர், "அத்தான், உபுண்டு 20.04 போட்டுக்கொள்ளுங்கள், காசில்லை, பிள்ளையின் பள்ளியிலும் கட்டற்ற மென்பொருள்தானே" என்று தொலைபேசியில் வழிகாட்டினார். வீட்டுக்கு அகலக்கற்றை இணைப்பும் எடுத்தோம். எல்லாம் கூடி வந்த நாளில், வைஃபை சாதனம் எதுவும் இல்லை என்று திரை கையை விரித்தது. மெல்லிய வகைக் கணினியாதலால் கம்பி செருகும் துளையும் அதில் கிடையாது. கடைக்காரரோ, முன் சொன்னபடி, சில்லைக் குறை கூறினார்.

மைத்துனர் அதை ஒப்பவில்லை. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு பிணைத்தால், கைப்பேசியின் தரவு கணினிக்குப் பாயும். இதற்கு வைஃபை சில்லு தேவையில்லை. முதலில் அதைச் செய்யச் சொன்னார். பின்னர் முனையத்தைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளையை இடச் சொன்னார். உறுப்புகளின் பட்டியல் வந்தது. அதில் ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8821சிஇ என்ற பெயரும், 10இசி:சி821 என்ற அடையாள எண்ணும் இருந்தன. கெட்டுப்போன சில்லு பெரும்பாலும் பட்டியலில் பெயரே கொடாது. இதுவோ பெயரும் எண்ணும் கொடுத்து நிற்கிறது. கேட்பாரைத்தான் காணோம்.

காரணம் பின்னர் விளங்கிற்று. உபுண்டு 20.04 வெளியானது 2020 ஏப்ரலில். அதனுள் இருந்தது 5.4 என்னும் கெர்னல், 2019 நவம்பரில் வந்தது. எம் சில்லுக்குரிய இயக்கி லினக்ஸ் கெர்னலில் சேர்ந்ததோ 5.9ஆம் பதிப்பில், 2020 அக்டோபர் 11ஆம் நாள். நாம் இதைத் தேடிக்கொண்டிருந்தது அதே அக்டோபர் மாதத்தில். மருந்து உலகில் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எம் ஊர் மருந்துக்கடைக்கு அது வந்து சேரவில்லை. ஆகவே மூலத்தை வாங்கி நாமே காய்ச்ச வேண்டியதாயிற்று.

மூலத்தை வாங்கலாம் என்பதே ஒரு வியப்பு. 1991இல் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் எழுதத் தொடங்கிய அக்கரு, 1992 முதல் பொது உரிமத்தின்கீழ் எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் திறந்து கிடக்கிறது. அவ்வுரிமத்தை வகுத்த ரிச்சர்டு ஸ்டால்மன் 2001இல் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். கேரளப் பள்ளிகளில் இத்தகைய மென்பொருள் வேரூன்றியதில் அந்த இயக்கத்துக்கும் பங்குண்டு. அக்கருவின் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வரிகள், சுருக்கிக் கட்டிய நிலையில் நூறு மெகாபைட்டுக்குச் சற்று மேலான ஒரு பொதியாக எம் கைப்பேசி வழியே இறங்கின. அன்றைய தரவுப் பங்கில் அது பெரும் செலவுமன்று.

வேலையின் முறை சொல்வதற்கு எளிது. கம்பைலர் முதலிய கருவிகளை நிறுவ வேண்டும். பொதியை விரிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலின் அமைப்புப் பட்டியலை நகலெடுத்துப் புதிய மூலத்தின் நடுவே வைக்க வேண்டும். 'மேக் மெனுகான்ஃபிக்' என்று கட்டளையிட்டால் உறுப்புகளின் நீண்ட பட்டியல் திரையில் விரியும். அதில் கம்பியில்லாச் சாதனங்கள், ரியல்டெக், ஆர்டிடபிள்யூ88 என்று கிளை கிளையாக இறங்கி, 8821சிஇ என்ற வரிக்கு எதிரே 'எம்' என்னும் குறியை இட வேண்டும். பிறகு 'மேக்'. அவ்வளவுதான்.

முதல் இரவு ஒன்பது மணிக்கு 'மேக்' இட்டோம். சமையலறை மேசைமேல் கணினி. அதன் விசிறி, மலையேறும் என்ஜின்போல் இரைந்தது. உபுண்டுவின் அமைப்புப் பட்டியல் உலகிலுள்ள எல்லா உறுப்புகளுக்கும் இயக்கி செய்யச் சொல்வது. எம் வீட்டில் இல்லாத, இனி வரவும் போகாத பொருள்களுக்கெல்லாம் இயக்கிகள் உருவாகிக்கொண்டிருந்தன. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தால், வட்டில் இடமில்லை என்ற செய்தியோடு வேலை நின்றிருந்தது. பிழை ஆராய்வோர்க்கென்று கூடவே எழுதப்படும் விவரம் வட்டை நிரப்பிவிட்டது. அதை முன்னரே அணைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் இரவில் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்னும் சுருக்கு வழியை மைத்துனர் காட்டினார். அப்பொழுது ஓடிக்கொண்டிருக்கும் இயக்கிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும் வழி அது. பிழை விவரத்தையும் அணைத்தோம். எம் சில்லின் குறியை மறவாமல் கையால் இட்டோம். ஒன்றரை மணியில் வேலை முடிந்தது. நிறுவினோம், கணினியை அணைத்து ஏற்றினோம். கையொப்பம் செல்லாது, கெர்னலை ஏற்ற இயலாது என்று திரை மறுத்துவிட்டது.

இது செக்யூர் பூட் என்னும் காவல். அங்கீகரிக்கப்பட்ட சாவியால் கையொப்பமிடாத கருவைப் புகவிடாது. நாம் சமைத்த கருவுக்கு எவர் கையொப்பம் இருக்கிறது! சொந்தச் சாவி செய்து பதிவு செய்யும் முறை உண்டு. அதற்கு எமக்கு அன்று பொறுமை இல்லை. பயாஸில் புகுந்து காவலை நீக்கினோம். காவலை நீக்குவது வீட்டுக் கதவைச் சாத்தி வைத்துவிட்டுத் தாழிடாமல் போவதற்கு ஒப்பாகும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

புதிய கரு ஏறிற்று. ஆயினும் வைஃபை இல்லை! பதிவேட்டைப் பார்த்தால், இயக்கி வந்து சில்லையும் கண்டுகொண்டு, ஆர்டிடபிள்யூ8821சி என்று பெயரிட்ட ஃபெர்ம்வேர்க் கோப்பைக் காணோம் என்று முறையிட்டிருந்தது. சில்லுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல் அது; மூலத்தோடு வராது; ஃபெர்ம்வேர்க் களஞ்சியத்திலிருந்து தனியே எடுத்து வைக்க வேண்டும். சரி, எடுப்போம் என்று கைப்பேசியைச் செருகினோம். கணினி அதையும் அறியவில்லை. சுருக்கு வழியில் பட்டியல் எடுத்த வேளையில் கைப்பேசி செருகப்பட்டிருக்கவில்லை. ஆகவே அதன் இயக்கியும் நீக்கப்பட்டுவிட்டது. உள்ள வழியையும் நம் கையாலேயே அடைத்துக்கொண்டோம்.

"ஏங்க, அந்தக் கஞ்சி ஆறி இரண்டு மணி நேரமாகிறது" என்றார் எம் இல்லாள். அவருடைய குரலில் கஞ்சியைப் பற்றிய கவலை மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. கடன் வாங்கிய பொருளைக் கழற்றி மாட்டிக் கெடுக்கிறோமோ என்ற ஐயம் எமக்கும் இருந்தது.

காத்தது ஒரு விதி. புதிய கெர்னல் நிறுவினாலும் பழையதை அழிக்கலாகாது. கணினி ஏறும்போது கிரப் என்னும் பட்டியலில் பழைய 5.4 அப்படியே காத்திருந்தது. அதில் ஏறினோம், கைப்பேசி உயிர்பெற்றது. ஃபெர்ம்வேர்க் கோப்பை இறக்கி உரிய அடைவில் வைத்தோம். கைப்பேசியையும் பேனாவட்டையும் செருகிய நிலையில் பட்டியலை மறுபடி எடுத்து, மூன்றாம் முறையாகச் சமைத்தோம். அன்று சனிக்கிழமை, எமக்கு மாலைப் பணி. காலை ஒன்பதரைக்குத் திரையின் மூலையில் விசிறி மடிப்புப்போல் வைஃபைக் குறி தோன்றிற்று. மகளை அழைத்துக் கடவுச்சொல்லை அவளையே இடச் சொன்னோம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நாம் அலுவலகத்தில் இருந்தோம். மாலை வீடு திரும்பியபோது, "அப்பா, டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டாங்க, நான் விடை சொன்னேன்" என்றாள். என்ன வினா என்று கேட்டோம். பின்னக் கூட்டல். விடை தவறாம். தவறானாலும் சொன்னாளே!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எம் சில்லுக்கென்று தனி இயக்கிப் பொதி ஒன்றும் அப்பொழுதே கிடைத்தது. கருவைத் தொடாமல் அதனை மட்டும் நிறுவியிருக்கலாம் என்பதைப் பின்னரே அறிந்தோம். மைத்துனரைக் கேட்டால், "அத்தான், அதைச் சொல்லியிருந்தால் இவ்வளவும் கற்றிருப்பீர்களா?" என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, இரவு விழித்தது நாமல்லவா? மேலும், கையால் சமைத்த கருவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வாரா. 2021 ஆகஸ்டில் உபுண்டுவே 20.04க்கு 5.11 கெர்னலை வழங்கியவுடன் அதற்கு மாறிக்கொண்டு, எம் கைவேலையை அழித்துவிட்டோம். செக்யூர் பூட்டையும் மீண்டும் இயக்கினோம்.

இனி வேளி அன்பருடைய கணினி. சென்ற ஞாயிறு அவர் வீட்டுத் திண்ணையில் அதைத் திறந்து பார்த்தோம். சில்லு ஆர்டிஎல்8852பிஇ; எண் 10இசி:பி852. இதற்குரிய இயக்கி கெர்னலில் சேர்ந்தது 6.2ஆம் பதிப்பில், 2023 பிப்ரவரியில். கடையில் போட்டுக் கொடுத்ததோ உபுண்டு 22.04இன் முதல் வெளியீடு. அதில் இருப்பது 5.15. அதே கதை, வேறு எண். ஆனால் இம்முறை எதையும் சமைக்க வேண்டியதில்லை. 22.04க்கு 6.8 கெர்னலை உபுண்டுவே வழங்கியிருக்கிறது. வலைத்தொடர்பு இல்லாததால் அது இக்கணினிக்கு வந்து சேரவில்லை, அது வந்து சேராததால் வலைத்தொடர்பும் இல்லை. கைப்பேசிக் கம்பி ஒன்று இம்முடிச்சை அவிழ்க்கும். மூவாயிரத்தைப் பையனின் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அவர் கொண்டுவந்த கம்பியால் கணினி கைப்பேசியைக் காணவில்லை. மின்னூட்ட மட்டுமே பயன்படும் மலிவுக் கம்பி அது. பையன் ஓடிப்போய் நண்பனிடம் தரவுக் கம்பி வாங்கி வந்தான். புதுப்பித்தல் முடிய முக்கால் மணி ஆயிற்று. இத்தகைய குறையுள்ள கணினி வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த கூட்டத்துக்கு அதனை எடுத்து வரலாம். எல்எஸ்பிசிஐ காட்டும் எண்ணை ஒரு தாளில் எழுதி வந்தால் நலம். கம்பி மட்டும் தரவு செல்லும் கம்பியாக இருக்கட்டும்.