வண்டித் தொட்டிக்கு எந்த விரிப்பு?

நமது சங்கங்கள் சிறு சரக்கு வண்டியொன்று வாங்க முனையும்போது நிர்வாகக் குழு மும்முறையேனும் கூடுகின்றது. எஞ்சின் எத்தகையது, எரிபொருள் எவ்வளவு செல்லும், தவணை எத்தனை மாதம் என்றெல்லாம் விவாதம் நடைபெறுகின்றது. விலைப்புள்ளிகள் பெற்று ஒப்பிடப்படுகின்றன, தீர்மானம் நிறைவேறுகின்றது. ஆனால், சரக்கை நேரே தாங்கி நிற்கும் பின்தொட்டியின் தரைக்கு என்ன விரிப்பது என்ற கேள்வி மட்டும் கூட்டத்தில் எழுவதில்லை. அதனை வண்டி விற்பவர் விருப்பத்திற்கோ ஓட்டுநர் விருப்பத்திற்கோ விட்டுவிடுகிறோம். ஊரார் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கும் வண்டியை வாங்கிவிட்டு அங்குசத்தை மறந்த கதைதான் இது.

இஃது அற்ப விஷயம் என்று அன்பர்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒரு நெசவாளர் சங்கத்தில் ஆய்வுக்குச் சென்றபோது கண்ட காட்சி அந்த எண்ணத்தை மாற்றிற்று.

அச்சங்கத்தின் வண்டி காலையில் வேட்டிச் சிப்பங்களை நகரத்திற்கு எடுத்துச் செல்லும். வெறும் வண்டியாகத் திரும்பாமல், பக்கத்து ஊர் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கு உர மூட்டைகளை வாடகைக்கு ஏற்றி வரும். இரு சங்கங்களுக்கும் நன்மை தரும் ஏற்பாடு. ஆய்வுக் குறிப்பில் நானே பாராட்டி எழுதியிருக்கிறேன். வண்டி வாங்கிய நாளில் விற்பனையாளர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இலவசமாகவே பொருத்தித் தந்தாராம். நான்கு ஆண்டுகள் ஒருவரும் அதனை எடுத்துப் பார்க்கவில்லை. பார்வைக்கு அது புத்தம் புதிதாக இருந்ததே காரணம். ஒரு மழைக்காலத்தில் நகரத்திற்குச் சென்ற வெள்ளை வேட்டிகள் செம்பழுப்புக் கறையுடன் திரும்பி வந்தன. பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அடியில் இருந்த இரும்புத் தரை துருவேறிப் பல இடங்களில் பொத்தலாகியிருந்தது. அங்கே தேங்கியிருந்த துருநீர், வண்டி பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் பிளாஸ்டிக்கின் மூலையில் விழுந்திருந்த விரிசல் வழியே மேலேறிச் சிப்பத்தை நனைத்திருந்தது.

வேட்டிகள் கழிவு விலைக்குப் போயின. கணக்கில் அது ஒரு வரி நட்டம். ஆனால் அன்று சங்க வாசலில் நின்ற நெசவாளர் அம்மையார் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி கணக்கில் அடங்காதது. “தறியிலே ஒரு இழை விட்டுப்போனாலும் கூலியிலே பிடிக்கிறீங்க. வண்டி கறையாக்கினா யாருகிட்டே பிடிப்பீங்க, ஐயா?” என்றார். நட்டம் சங்கத்தின் இலாபத்தைக் குறைக்கும்; இலாபம் குறைந்தால் போனஸ் குறையும்; ஆகவே பிடித்தம் அவரிடமேதான் என்ற பதிலை அவர் முகம் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இனி விஷயத்திற்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பன்மடங்காகும். நம் விவசாயிகள் பயன்படுத்தும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்பே. யூரியாவோ காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் இயல்புடையது. மூட்டையிலிருந்து சிந்திய சிறு பிடி உரம் ஈரத்துடன் தரையில் ஒட்டிக்கொண்டால் வர்ணம் உரிந்த இடத்தை அது அரிக்கத் தொடங்கும். ஆகவே விரிப்பின் வேலை இரண்டு: வர்ணத்தை உராய்விலிருந்து காப்பது ஒன்று, நீரும் உப்பும் அடியில் தங்காமல் பார்ப்பது மற்றொன்று. முதல் வேலையை எல்லா விரிப்பும் செய்யும். இரண்டாவதில்தான் அவற்றின் குணம் தெரியும்.

கடையில் கிடைப்பனவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தொட்டியின் வடிவிலேயே வார்த்த பிளாஸ்டிக் உறை. பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. பொருத்துவது எளிது, இரும்புச் சாமான்களும் கல்லும் மண்ணும் ஏற்றினாலும் தாங்கும். குறைகள் மூன்று. வண்டி அதிரும்போது உறையும் அதிர்ந்து, இடையே புகுந்த மணலைக் கொண்டு வர்ணத்தைத் தானே தேய்க்கும். உள்ளே புகுந்த நீர் எளிதில் காயாது. மேற்புறம் வழுக்குவதால் தக்காளிப் பெட்டிகள் திருப்பத்திற்குத் திருப்பம் இடம் பெயரும்.

இரண்டாவது, தெளிப்புப் பூச்சு. பாலியூரித்தேன் அல்லது பாலியூரியா என்னும் பொருளை இரு திரவங்களாகக் கலந்து தெளிக்கிறார்கள். அது இறுகி இரும்போடு ஒன்றிவிடுகிறது. இடைவெளி இல்லாததால் நீர் புக வழியில்லை, கழுவுவதும் சுலபம். ஆனால் தெளிக்குமுன் தரையை நன்றாகத் தேய்த்து எண்ணெய்ப் பசையும் துருவும் அறவே நீக்க வேண்டும். துருவின்மேல் தெளித்த பூச்சு, புண்ணை மூடிக் கட்டிய கட்டுப்போல் ஆகும். உள்ளே அரிப்பு வளரும். பூசியபின் எடுத்துப் பார்க்கவும் முடியாது. எனவே இது புது வண்டிக்கு ஏற்றது. பழைய வண்டிக்கு ஐயத்திற்குரியது. வடிகால் துளைகள் அடைபடாமல் பூசுகிறார்களா என்பதையும் அருகில் நின்று கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, தரையின்மேல் இன்னொரு தகட்டைப் பதித்தல். பட்டறைகளில் வழக்கமாகச் செய்வது இதுவே. 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள தொட்டிக்கு 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்தால் ஏறக்குறைய 58 கிலோ எடை கூடும். ஒவ்வொரு பயணத்திலும் அந்த அளவுக்குச் சரக்கை இழக்கிறோம். இரு தகடுகளுக்கு நடுவே நுழைந்த நீருக்கோ வெளியேற வழியில்லை. அலுமினியத் தகடு எடை குறைவுதான்; ஆயினும் உப்பு நீரில் இரும்பும் அலுமினியமும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் விரைந்து அரிக்கப்படும்.

நான்காவது, மரப்பலகை அல்லது பிளைவுட். உலர்ந்த சரக்கிற்கு நன்று. துணிச் சிப்பத்திற்கு மிகவும் நன்று. ஆனால் சிந்தியதையெல்லாம் அது குடிக்கும்.

இந்தக் கடைசிச் சொல்லை அன்பர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். 1958-ஆம் ஆண்டில் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி இறந்தனர். பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தோடு சேர்த்து ஏற்றி வரப்பட்ட கோதுமை மாவில் அம்மருந்து கலந்துவிட்டதே காரணம். வயலில் தெளித்ததால் வந்த கேடன்று அது. சரக்கை ஏற்றிய முறையால் வந்தது. பூச்சிமருந்தையும் உணவுப் பொருளையும் ஒரே பயணத்தில் ஏற்றலாகாது என்பதை இன்று பலரும் அறிவர். ஆனால் நேற்று மருந்து சிந்திய பலகையின்மேல் இன்று காய்கறியை ஏற்றுவதும் அதே தவற்றின் தம்பிதான் என்பதை நாம் நினைப்பதில்லை. விவசாயிகளின் சரக்கைச் சுமக்கும் வண்டிக்குக் குடிக்கும் தரை கூடவே கூடாது.

ஐந்தாவது, கனத்த ரப்பர் விரிப்பு. பெட்டிகள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், அதிர்ச்சியைத் தாங்கும், வேண்டும்போது எடுத்துக் கழுவலாம். இதற்கும் குறைகள் உண்டு. மேற்சொன்ன அளவுத் தொட்டிக்கு 8 மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பு சுமார் 40 கிலோ இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சற்றே குறைவு. எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிப்போகும். கறுப்பு ரப்பர் வெள்ளைத் துணியில் கறை ஏற்றும். ஆதலால் சிப்பத்தை நேரே அதன்மேல் வைக்காமல் தூய தார்ப்பாய் ஒன்றை விரித்த பிறகே அடுக்க வேண்டும். எடுக்காமலே விட்டுவைத்தால் இதன் அடியிலும் ஈரம் தங்கத்தான் செய்யும்.

எனது கருத்து இது. துணியும் உரமும் விளைபொருளும் மாறி மாறி ஏற்றும் சங்க வண்டிக்கு ரப்பர் விரிப்பே தக்கது. அதனை ஒரே துண்டாக வாங்காமல் மூன்று துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும். அடிப்புறத்தில் வரிகள் உள்ளதாகத் தேர்ந்தால் நீர் வழிந்து வடிகாலை அடையும். வெறும் வண்டியாக ஓடும்போது காற்றில் எழாதபடி ஓரங்களைப் பிணைத்து வைக்க வேண்டும். உரமும் ஈரமான விளைபொருளும் மட்டுமே ஏற்றும் வேளாண்மைச் சங்கமாயின், வண்டி புதிதாக இருக்கும்போதே தெளிப்புப் பூச்சு இடுவது நன்று. வார்ப்பு உறையையும் மேல் தகட்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். அந்த இலவசத்தின் விலையை அந்த அம்மையாரின் போனசில் கண்டவன் நான்.

“விரிப்பை அடிக்கடி தூக்குவது யாருக்கு ஐயா முடியும்? ஓட்டுநருக்கு நேரம் ஏது?” என்று காரியதரிசிகள் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. நாற்பது கிலோவை ஒருவர் தனியே தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று துண்டாக்கச் சொன்னது அதற்காகவே. ஒரு துண்டு பதின்மூன்று, பதினான்கு கிலோவே இருக்கும். மாதம் ஒரு முறை, கணக்கு முடிக்கும் நாளில் எடுத்து, தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, வர்ணம் உரிந்த இடத்தில் துருத்தடுப்பு வர்ணம் தொட்டுப் பூசினால் போதும். அரைநாள் வேலை. உரம் சிந்திய நாளிலோ மாதக் கடைசிக்குக் காத்திராமல் அன்றே கழுவிவிட வேண்டும். பூச்சிமருந்து சிந்தினால் அந்த வண்டியில் உணவுப் பொருள் ஏற்றுவதை உடனே நிறுத்தி, மருந்துப் புட்டியின் சீட்டில் கண்ட முறைப்படி துப்புரவு செய்ய வேண்டும். அந்தக் கழிவுநீர் கிணற்றையோ வாய்க்காலையோ அடையலாகாது.

இன்னுமோர் எச்சரிக்கை. தெளிப்பான் எஞ்சினுக்கும் களைவெட்டும் எஞ்சினுக்கும் பெட்ரோல் தேவைப்படும்போது, கேனைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு பெட்ரோல் பிடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பிளாஸ்டிக் உறையின்மேல் இருக்கும் கேனில் எழும் நிலைமின்சாரம் நிலத்திற்கு இறங்க வழியில்லை. ஒரு பொறி பறந்தால் ஆவி தீப்பற்றும். அமெரிக்க நாட்டில் இவ்வாறு தீவிபத்துகள் நேர்ந்து, அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் எச்சரிக்கை வெளியிட்டது. எந்த விரிப்பாயினும், எரிபொருளுக்கென உள்ள தகுந்த கேனைக் கீழே இறக்கித் தரையில் வைத்த பிறகே நிரப்ப வேண்டும். ஒரு நிமிடச் சோம்பலுக்காக ஓட்டுநரின் உயிரைப் பணயம் வைக்கலாகாது.

முடிவாக, சங்கங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. வண்டி வாங்கும் தீர்மானத்திலேயே தொட்டி விரிப்பையும் ஒரு பொருளாகச் சேருங்கள். தீர்மானிக்கும் முன், ஓராண்டில் எந்தெந்தச் சரக்கை எத்தனை நடை ஏற்றினீர்கள் என்று நடைப் புத்தகத்தைப் புரட்டுங்கள். எந்த விரிப்பு வேண்டும் என்பதை அப்புத்தகமே சொல்லிவிடும். விரிப்பை எடுத்துப் பார்த்த தேதியை அதே புத்தகத்தில் ஒரு பத்தியாக எழுதி, ஓட்டுநரும் காரியதரிசியும் கையொப்பமிடுங்கள். இனி நான் ஆய்வுக்கு வரும் சங்கங்களில் ரொக்கத்தையும் இருப்பையும் சரிபார்ப்பதோடு நில்லாமல் அந்தப் பத்தியையும் பார்ப்பேன்; விரிப்பின் ஒரு துண்டையேனும் தூக்கிப் பார்ப்பேன்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். வண்டி உங்களுடையது, உங்கள் பங்குப் பணத்தில் வாங்கியது. பொதுக்குழு கூடும் நாளில் அது சங்க வாசலில்தான் நிற்கும். உள்ளே செல்லுமுன் பின்கதவைத் திறந்து அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததைக் கூட்டத்தில் கேளுங்கள். அந்த அம்மையாரின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இனி எந்தச் சங்கத்திலும் அக்கேள்வி எழாதபடி செய்வதே அதற்குத் தக்க பதிலாகும்.