அக்கிக்குக் காவி போதுமா?

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு அக்கி வந்தால், அவரைக் காவி எழுத அழைத்துப்போய் நாளைக் கடத்துவது ஆபத்து. சின்னம்மை போட்டால், வேப்பிலையை மட்டும் நம்பி வீட்டிலேயே வைத்திருப்பது அதைவிட ஆபத்து. எங்கள் காடாம்புலியூர்ப் பக்கத்தில் இதைச் சொன்னால் என் வயதுக்காரர்களே முறைக்கிறார்கள். "நமக்கெல்லாம் அப்படித்தானே சரியாச்சு?" என்கிறார்கள்.

சரியானது உண்மைதான். சரிசெய்தது யார் என்பதில்தான் எனக்குத் தகராறு.

சின்னம்மைக் கிருமி, அம்மை இறங்கியதும் உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு பதுங்கிக் கிடக்கிறது. அதை எழவிடாமல் காவல் காப்பது டி செல் என்னும் ஒருவகை வெள்ளை அணு. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ந்து வருவதால் அந்தப் பெயர். காவல் தளர்ந்தால், அதே கிருமி ஒரு நரம்பின் வழியே வந்து உடம்பின் ஒரு பக்கத்தில் கொப்புளமாகக் கிளம்புகிறது. அதுதான் அக்கி. நல்ல உடம்பில் டி செல்கள் சுதாரித்துக்கொண்டு சில வாரங்களில் அதை அடக்கிவிடும். வேலை செய்தது டி செல். பெயர் வாங்கியது காவி.

ரத்தப் புற்றுநோயில் அந்தக் காவலே படுத்துவிடுகிறது. பரிசோதனைச் சீட்டில் வெள்ளை அணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை. வயதானவர்களுக்கு அதிகம் வரும் நாள்பட்ட லிம்போசைட் வகையில், டி செல்கள் எண்ணிக்கையில் இருந்தும் சோர்ந்துபோய்க் கிடக்கும். நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, ஃப்ளூடராபின் போன்ற மருந்துகள் இருப்பதையும் குறைக்கும். இப்படிப்பட்டவருக்கு வரும் அக்கி உடம்பு முழுவதும் பரவலாம். சின்னம்மை நுரையீரல், ஈரல், மூளை வரை போகலாம். உயிரே போகலாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிகிச்சையில் இருந்தபோது நெற்றியில் அக்கி வந்தது. உறவுக்காரர்கள் பேச்சைக் கேட்டு மூன்று முறை காவி எழுதினார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிருமி கண்ணுக்கு இறங்கியிருந்தது. உயிர் தப்பியது, ஒரு கண்ணில் பார்வை போனது. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோய் தெரிந்தும் அழைத்துப்போனவர்கள் மேல்தான்.

மருந்து இல்லாத காலத்து வழக்கம் அது. இன்று அசைக்ளோவிர் இருக்கிறது. எத்தனை சீக்கிரம் தொடங்குகிறோமோ அத்தனை பலன். அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரின் ஆய்வுக்குழுவில் பிறந்த மருந்து. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் 6-மெர்காப்டோபியூரின் மாத்திரையும் அவர் பங்களிப்பில் வந்ததே. 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அவர் தந்த ஒரு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு இன்னொன்றை மறுப்பது என்ன நியாயம்?

"அம்மைக்கு மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள்" என்பார்கள். பெரியம்மைக்குத் தடுப்பூசி போட்ட காலத்திலும் இதைச் சொன்னவர்கள் உண்டு. 1975-க்குப் பிறகு நம் நாட்டில் யாருக்கும் பெரியம்மை தொற்றவில்லை. அதற்காக ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது நின்றா போயிற்று? வாசலில் வேப்பிலை செருகுவது நல்ல வழக்கம். வெளியார் உள்ளே வராமல் தடுக்கிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மருத்துவரையும் பாருங்கள்.

வீட்டில் ரத்தப் புற்றுநோயாளி இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். அம்மை போட்ட குழந்தையோடு அவர் பழகியது தெரிந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே கொடுக்கும் மருந்துகள் உண்டு. உடம்பில் ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் கண்டால், புதுச்சேரி ஜிப்மரோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ, எங்கே வைத்தியம் பார்க்கிறாரோ அங்கே உடனே கேளுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி அவருக்கு ஆகாது. எந்த ஊசியானாலும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

காவி எழுதித்தான் தீருவேன் என்பவர்கள் முதல் மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு எழுதிக்கொள்ளட்டும்.