மூட்டையை இறக்கி வைக்கலாம்

இரண்டு வாரங்களுக்கு முன், இரவு நிகழ்ச்சியில் ஓர் அழைப்பு. "அக்கா, பிறையிலேர்ந்து பேசுறேன். பாட்டு வேணாம். ஒண்ணு கேட்கணும்."

என் வயதுதான் இருக்கும். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு நான்கு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து இவர் போய்ச் சேர்வதற்குள் அம்மா கண்ணை மூடிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு நடந்தே போகிறார். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதாமாதம் அரிசி வாங்கிக் கொடுக்கிறார். "இன்னும் எவ்வளவு செஞ்சா இது தீரும், அக்கா?"

வானொலியில் மூன்று விநாடி மௌனமே பெரிய குற்றம். நான் ஐந்து விநாடி பேசாமல் இருந்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன். அந்தக் கடனுக்குத்தான் இந்த வாரப் பத்தி.

நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவள். அவர் கிறிஸ்தவர் என்பதால் அவருடைய வேதம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 'எவ்வளவு' என்ற கேள்வியையே அது கேட்கவில்லை. பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சொல்வது இதுதான்: மீட்பு என்பது கடவுள் கிருபையாகக் கொடுக்கும் கொடை. அதை விசுவாசத்தால் பெற்றுக்கொள்ளலாம். செய்த வேலைக்குக் கூலியாக வாங்க முடியாது. அதனால் யாரும் அதைச் சொல்லிப் பெருமை பேசவும் முடியாது.

1517-இல் மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துக் கிளம்பியதும் இந்த இடத்திலிருந்துதான். திருச்சபை பிளந்தது. நூற்றாண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது நம் தகுதியைப் பார்த்து அல்ல, கிருபையால் மட்டுமே என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்லிவிட்டன.

படிக்கப் படிக்க என் பாட்டி சொன்ன சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரத்தில் நடுவார்கள். இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர், கைகொடுக்க ஆள் இல்லாவிட்டாலும், அதில் மூட்டையைச் சரித்து வைத்துவிட்டு இளைப்பாறலாம். யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் அந்தக் கல்லுக்கு விலை உண்டு. அதை யாரோ ஒருத்தி உயிராகக் கொடுத்திருக்கிறாள்.

சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒரு வித்தியாசம்: சுமைதாங்கியில் வைத்த மூட்டையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இங்கே விட்டுவிட்டே போகலாம்.

1827-இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறிஸ்தவரானவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. தாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாயே கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று இறையருளைப் பற்றி வாதாடிய மரபு அவர் பிறந்த வைணவம். ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை அவர் 1894-இல் வெளியிட்டார். பனியனின் கதையில் பயணி முதுகில் பாவ மூட்டையோடு நடக்கிறான். சிலுவையின் முன் வந்து நின்றதும் அது தானாகக் கழன்று விழுகிறது. முடிச்சை அவன் அவிழ்க்கவில்லை.

"அப்படியானால் என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டு மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாமா?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. மூட்டை விழுவது கதையின் முன்பகுதியில். அதற்குப் பிறகும் நீண்ட பாதை, மலை, சேறு எல்லாம் கிடக்கின்றன. அவன் நடக்கத்தான் செய்கிறான். முதுகு மட்டும் லேசாகிவிட்டது.

பிறை நேயரே, இதைப் படிப்பீர்களா என்று தெரியாது. ஒவ்வொரு ஜூலையிலும் அந்த ஆலயத்தில் மூட்டையை இறக்கி வைக்கிறீர்கள், திரும்பும்போது தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இறக்கிவிட்டால் அம்மாவை மறந்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயமாகக்கூட இருக்கலாம். மறந்த மாதிரி ஆகாது. திருவிழாவுக்குப் போங்கள், அந்த முதியவர்களுக்கு அரிசியும் கொடுங்கள். அம்மா மேல் உள்ள பாசத்தில் கொடுங்கள். கணக்கு மட்டும் எழுத வேண்டாம். உங்கள் வேதத்தின்படி அந்தப் புத்தகத்தை எப்போதோ மூடிவிட்டார்கள்.

அடுத்த முறை அழைக்கும்போது, அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று சொல்லுங்கள். போடுகிறேன்.