பெரியப்பாவைக் கேட்கவில்லை

ஆம்புலன்ஸ் மேலூரைத் தாண்டும்போது அம்பு பேக் என் கையில் இருந்தது. "அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை அமுக்குங்க சார்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கூட வந்த பையன் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். நான் அமுக்க அமுக்கப் பெரியப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. பதினோரு நாள் வென்டிலேட்டரில் கிடந்தவர். வீட்டுக்கு வந்து, பெரியம்மா ஒரு கரண்டி பால் ஊற்றிய பிறகுதான் கையை எடுத்தேன்.

மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்வதாக ஒரு தாளில் அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். எந்த ஆலோசனையை மீறினோம்? "இனி செய்ய ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதே டாக்டர்தான். அதை எழுதித்தர மட்டும் அவருக்குப் பயம். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தனுப்பவும் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பொய்த்தாள் இன்றும் உறுத்துகிறது.

மீள வழியில்லாதபோது சிகிச்சையை மறுப்பதும் கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையைச் சேர்ந்தவை என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காமன் காஸ் அமைப்பு தொடுத்த வழக்கு. எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று நினைவோடு இருக்கும்போதே லிவிங் வில் எழுதிவைக்கலாம் என்றார்கள். ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றதில் அதிகம் பேர் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். எழுதிவைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது: இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும், குடும்பம் சம்மதிக்க வேண்டும்.

விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தலும் இதுவும் ஒன்றுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லவே இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவரைச் சாகவைப்பது கொலை. நோய் தன் போக்கில் முடிய விடுவது வேறு. அதோடு, சிகிச்சையை நிறுத்தினால் கவனிப்பையும் நிறுத்துவதாக அர்த்தமில்லை. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் அருணா ஷான்பாக் 1973 முதல் 2015 வரை படுக்கையில் இருந்தார். அவருக்கு ஊட்டுவதை நிறுத்தக் கோரிய மனுவை 2011இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட வராமல் பார்த்துக்கொண்ட நர்ஸுகளின் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது. அது சரியென்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அருணாவின் விருப்பம் என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. பெரியப்பாவின் விருப்பமும் அப்படித்தான். நினைவோடு இருந்த எழுபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்கூட நாங்கள் கேட்டதில்லை. அபசகுனம் என்று வாயைப் பொத்திக்கொண்டோம்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தொண்டையில குழாய் வேணாம். வலிக்காம பாத்துக்கங்க, போதும்" என்றார். லிவிங் வில்லில், முடிவெடுக்க யார் பெயரைப் போடுவது என்றேன். ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயரையும் எழுதலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் காம்புகளை ஒதுக்கினார்.

"உன் பேரையும் தங்கச்சி பேரையும் சேத்துப் போடு. ஒத்த ஆளா அதைத் தூக்கிக்கிட்டுத் திரியாத."