ரயில் வந்தால் வீடும் வர வேண்டும்

ஜப்பானில் ஒசாகா நகருக்கு வடக்கே இகேடா என்று ஓர் ஊர். அங்குள்ள ரயில் நிலையம் சாதாரணப் புறநகர் நிலையம்தான். காலையில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி அனுப்புகிறது. மாலையில் இறக்கி விடுகிறது. ஒசாகாவின் உமேடா நிலையத்துக்கு அங்கிருந்து சுமார் 16 கிலோ மீட்டர்.

ஆனாலும் மாதச் சம்பளக்காரர்கள் அந்த நிலையத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தப் பாதை சர்க்கார் போட்டதல்ல. ஹான்கியூ என்ற தனியார் கம்பெனிக்குச் சொந்தமானது. 1910-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி உமேடாவிலிருந்து தகாராசுகா வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கம்பெனிக்கு அப்போது மினோ-அரிமா மின்சார ரயில்வே என்று பெயர். அதை நடத்தியவர் கோபயாஷி இச்சிசோ. அதற்கு முன் மிட்சுயி வங்கியில் வேலை பார்த்தவர்.

பாதை நெடுக வயல்கள். பெரிய ஊர் எதுவும் கிடையாது. இந்த ரயிலில் யார் ஏறப் போகிறார்கள் என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். பணம் போடத் தயங்கினார்கள்.

கோபயாஷி வேறு கணக்குப் போட்டார். ரயில் வருவதற்கு முன் நிலம் மலிவு; வந்த பிறகு விலை ஏறும். அந்த நிலத்தை ரயில் கம்பெனியே முன்கூட்டி வாங்கி, வீடு கட்டி விற்றால் என்ன? நிலத்திலும் லாபம். குடிவந்தவர் தினமும் அதே ரயிலில்தான் வேலைக்குப் போக வேண்டும்!

தவணையில் வீடு

ரயில் ஓடிய அதே ஆண்டில் இகேடா நிலையத்தின் அருகே முரோமாச்சி குடியிருப்பு விற்பனைக்கு வந்தது. சுமார் 200 மனைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை கிரவுண்ட். வீட்டோடு விலை சுமார் 2,500 யென். ஒரு பகுதியை முதலில் கட்டிவிட்டு, பாக்கியைப் பத்து ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்டலாம். வாடகை கொடுப்பதுபோல் கொடுத்து, வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

ஒசாகா அப்போது ஆலைப் புகை சூழ்ந்த நகரம். நல்ல காற்றுக்கும் சொந்த வீட்டுக்கும் ஆசைப்பட்டவர்கள் இகேடாவுக்கு வந்தார்கள்.

ரயில் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. காலையில் நகரத்துக்குள் போகும் வண்டி நிரம்பி வழியும். எதிர்த்திசை வண்டி காலியாக ஓடும். விடுமுறை நாளில் இரண்டிலும் ஆள் இருக்காது. அதற்கும் கோபயாஷி வழி கண்டார். பாதையின் மறுகோடியான தகாராசுகாவில் 1911-ல் குளியல் விடுதி திறந்தார். 1914-ல் அங்கே, பெண்களே ஆண் வேடமும் போடும் நாடகக் குழு மேடை ஏறியது. அது இன்றும் புகழோடு நடக்கிறது. 1929-ல் உமேடா நிலையத்திலேயே பெரிய பலசரக்கு மாளிகை எழுந்தது.

பிறகு பொருளாதார மந்தம் வந்தது. அந்த மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில் சிலர் வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜையில் இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள். அவர்களை விரட்டாமல் வரவேற்கச் சொன்னார் கோபயாஷி. இன்று கையில் காசில்லாதவர் நாளை குடும்பத்தோடு வருவார் என்பது அவர் கணக்கு.

யாருக்கு லாபம்?

இது தான தர்மம் அல்ல, வியாபாரம்தான். இகேடா வீடு சம்பளக்காரருக்குக் கிடைத்தது; கூலிக்காரருக்கு எட்டவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை.

இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரயில் வந்ததால் ஏறிய நில விலை ரயிலுக்கே திரும்பி வந்தது. பயணிக்கும் வீடு கிடைத்தது.

மும்பையில் நடப்பது என்ன? புதிய பாதை வருகிறது என்று செய்தி வந்தாலே தரகர்களுக்குக் கொண்டாட்டம். வாடகை ஏறுகிறது. குர்லாவில் இருந்தவர் டோம்பிவிலிக்குப் போகிறார், அங்கிருந்து பத்லாபூருக்கு. யாருக்காக ரயில் வருகிறதோ, அவரையே அது தூரத் தள்ளுகிறது.

இங்கே முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. 1992-ல் மான்கூர்டிலிருந்து தானே கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு ரயில் வந்தது. அதன் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஏற்றது, நவி மும்பையை உருவாக்கிய சிட்கோ நிறுவனம். வாஷி நிலையத்தோடு சேர்த்தே அலுவலகக் கட்டடமும் கட்டப்பட்டது.

அலுவலகம் கட்டத் தெரிந்தவர்களுக்கு வீடு கட்டத் தெரியாதா? புதிய பாதைக்குத் திட்டம் போடும்போதே, நிலையத்தை ஒட்டிய நிலத்தில் ஒரு பங்கை மாதத் தவணை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். குமாஸ்தாவுக்கு மட்டுமல்ல, இகேடா மறந்த கூலித் தொழிலாளிக்கும் அதில் இடம் வேண்டும். தொழிற்சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

சீசன் டிக்கெட்டுக்கு மாதாமாதம் தவறாமல் பணம் கட்டுகிறவர், வீட்டுக்கும் தவறாமல் கட்டுவார். அதற்கு வழி செய்வதுதான் பாக்கி.