ஒரு மேற்கோள்குறியைத் தாங்காத நிரல்கள்

கணினி அறிவியல் துறையினர் சினந்தாலும் சொல்லியாக வேண்டும்: இணையப் படிவத்தின் வழியே வரும் தரவைக் கையாளும் முறையை நம் வகுப்பறைகள் பலவும் தவறாகவே கற்பிக்கின்றன.

கோவாவிலும் மங்களூரிலும் டி'சூசா என்பது இயல்பான குடும்பப் பெயர். அதன் இடையே ஓர் ஒற்றை மேற்கோள்குறி உண்டு. அப்பெயருடைய மாணவர் சேர்க்கைப் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். வழங்கியிலுள்ள பி.எச்.பி. நிரல், பெயரை எஸ்.கியூ.எல். கட்டளைக்குள் அப்படியே ஒட்டுகிறது. அம்மொழியிலோ ஒற்றை மேற்கோள்குறி உரைத்துண்டின் முடிவைக் குறிக்கும். பெயர் பாதியில் முறிகிறது; எஞ்சிய எழுத்துகள் கட்டளையாக வாசிக்கப்படுகின்றன; விண்ணப்பம் நின்றுபோகிறது. அறியாமல் நேரும் இதனையே ஒருவர் திட்டமிட்டுச் செய்தால், தரவுத்தளம் முழுவதும் அவர் கைக்குப் போய்விடும்.

இதற்குச் செய்யப்படும் பரிகாரம் நோயினும் கொடிது. ‘சிறப்புக் குறிகளுக்கு அனுமதியில்லை’ என்று உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஒரு தடை போடுகிறார்கள். மாணவர் தம் பெயரைத் தாமே சிதைத்து எழுதுகிறார். பின்னர்ச் சான்றிதழோடு பொருந்தவில்லை என்று அலைக்கழிக்கப்படுகிறார். தாக்க வருபவரோ உலாவியைத் தொடாமலே வழங்கிக்கு நேரடியாகத் தரவை அனுப்பிவிடுவார். ஆக, அத்தடை நேர்மையானவரை மட்டுமே தடுக்கிறது.

உரிய தீர்வு புதியதன்று. கட்டளையை முதலில் ஆயத்தம் செய்துவிட்டுத் தரவைத் தனியே இணைக்கும் வசதி பி.எச்.பி.யில் 2004 முதலே உள்ளது. அவ்வசதியில்லாத பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் 2015இல் வெளியான 7.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. மொழியே கைவிட்டதை நம் ஆய்வகக் கையேடுகள் சில இன்னும் கைவிடவில்லை.

“முதலில் நிரல் ஓடட்டும், பாதுகாப்பைப் பிறகு பார்க்கலாம்” என்பர். அந்தப் ‘பிறகு’ எந்தப் பருவத்தில் வருகிறது? பாதுகாப்பான முறைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவன ஓரிரு வரிகளே. அவற்றைக் கல்லாமல் வெளியேறுவோர்தாம் நாளை சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்கும் உதவித்தொகைப் படிவங்களை எழுதப்போகிறார்கள். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் தண்டிக்கும், கற்பிக்காது. கற்பிப்பது நம் கடமை.

ஆகவே பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரே கோரிக்கை: செய்முறைத் தேர்வில் புறத்தேர்வாளர் பெயர்க் கட்டத்தில் டி'சூசா என்று உள்ளிடட்டும். அப்பெயர் சிதையாமல் தரவுத்தளத்தைச் சென்றடைந்தால் மட்டுமே மதிப்பெண் வழங்கட்டும்.