குவாதலூப்: ஏழு நாளில் ஒரு நாள் கிடைக்காதா?

பாரீசில் இருக்கும் என் தங்கை மகன் சென்ற வாரம் வாட்சப்பில் ஒரு பயணத் திட்டம் அனுப்பினான். பிப்ரவரியில் குடும்பத்தோடு குவாதலூப் தீவில் ஏழு நாள். "மாமா, நீங்களும் அத்தையும் வர்றீங்களா?" என்று கேட்டிருந்தான். முட்டி இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டேன். ஆனால் திட்டத்தைப் படித்தபோது எழுந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

உல்லாசத்தை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிப்ரவரியில் மழை குறைவு. புயல் காலம் நவம்பரோடு முடிந்துவிடும். 1946 முதல் அந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம்; யூரோ செல்லும், பிரெஞ்சிலேயே பேசிக்கொள்ளலாம். சேன் பிரான்சுவா கடற்கரையில் விடுதி, சூஃப்ரியேர் எரிமலை, கார்பே அருவி, ரம் ஆலை என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. நம் ஆட்கள் மட்டும் அதில் இல்லை.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தவன். குவாதலூப்பின் தலைநகர் பாஸ்-தேர், மர்த்தினிக்கின் தலைநகர் ஃபோர்-த-பிரான்ஸ் என்று ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் நம் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அங்கே கப்பல் போனதை எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1848-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூறு பேருக்கு மேல் புவாந்த்-அ-பீத்ர் துறைமுகத்தில் இறக்கியது. 1889-க்குள் 42,000 பேருக்கு மேல் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மருமகன் போகும் கார்பே அருவி கப்பெஸ்தேர் ஊரின் எல்லையில் இருக்கிறது. அதே ஊரில்தான் ஷாங்ஜி மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அருவி பட்டியலில் இருக்கிறது, அம்மனைக் காணோம்! இந்தியர் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை அரசோடு வழக்காடி வென்ற ஆன்றி சிதம்பரம் பிறந்ததும் அந்த ஊர்தான். விடுதி எடுத்திருக்கும் சேன் பிரான்சுவாவில் பல ஆண்டுகள் மேயராக இருந்தவர் எர்னெஸ்த் முத்துசாமி. 'கிரியோல் விருந்து' என்று 'கொலொம்போ' கறி பரிமாறுவார்கள். மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த அந்தப் பொடியின் வாசனைகூட அவனுக்கு எதையும் நினைவூட்டாதா?

போனில் இதைச் சொன்னேன். "மாமா, லீவு கிடைக்கிறதே ஒரு வாரம். ஓய்வெடுக்கப் போறோம், திவசம் கொடுக்கவா போறோம்? அங்கே நமக்குச் சொந்தம்னு யாரும் இல்லையே" என்றான்.

ஓய்வு வேண்டும் என்பது நியாயம். வருஷம் முழுக்க உழைக்கிறவன், கடலில் குளிக்கட்டும். ஆனால் சொந்தம் இல்லை என்று எப்படிச் சொல்கிறான்? கப்பலேறியவர்களின் பெயரை எந்தக் குடும்பம் எழுதி வைத்தது? ஓடிப்போனான், காணாமல் போனான் என்று சொல்லித்தானே விட்டுவிட்டோம்! அங்கே உள்ளவர்கள் மொழியை இழந்த பிறகும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் விடவில்லை. நாம் மொழியை வைத்துக்கொண்டு அவர்களை விட்டுவிட்டோம்.

ஏழு நாளையும் நான் கேட்கவில்லை. ஒரு நாள் போதும். காலையில் புவாந்த்-அ-பீத்ர் துறைமுகம். அங்கேயே, பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த அடிமை வரலாற்று நினைவகம். நம்மவர்களுக்கு முன்னே அந்தக் கரும்பை வெட்டியவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிற்பகல் கப்பெஸ்தேர். பிள்ளைகள் கோயில் வாசலில் நின்று ஒரு கற்பூரம் ஏற்றட்டும்.

அதற்கும் நேரமில்லை என்றால், அங்கே கிடைக்கும் மணலும் கடலும் நம் காரைக்காலிலேயே இருக்கிறது. விமான டிக்கெட் மிச்சம்.